பங்குனி ஆமை பார்க்கப் போகிறீர்களா? செருப்பைக் கழற்றுங்கள், டார்ச்சை அணையுங்கள்

முதலில் திட்டித் தீர்த்துவிடுகிறேன். ராத்திரி கடற்கரையில் ஆமை முட்டை தேடி நடக்கும் ஆமை நடைக்கு வந்துவிட்டு செல்போன் டார்ச் அடிக்கிறவர்கள் பேசாமல் மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்னலாம். முட்டையிட வரும் ஆமை வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ பார்த்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடும். மணலில் தடம் மட்டும் ஏறி, வளைந்து, இறங்கியிருக்கும், முட்டை இருக்காது. பத்து கிலோமீட்டர் தள்ளி வந்தவர்கள் எல்லாரும் ஒருத்தருடைய செல்ஃபிக்காக ஏமாந்து நிற்க வேண்டும்.

சரி, வரிசையாகச் சொல்கிறேன்: எப்படிப் போவது, என்ன எடுத்துப் போவது, எங்கே சாப்பிடுவது, என்ன செலவு.

எஸ்.எஸ்.டி.சி.என். (மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு) என்ற மாணவர் அமைப்பு 1988 முதல் சென்னையில் ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றும் வேலையைச் செய்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இரவு 11 மணிவாக்கில் நீலாங்கரையில் கூடி, ஒரு நீண்ட அறிமுகப் பேச்சு, அப்புறம் நடை. சுமார் 7 கிலோமீட்டர், பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் தாண்டி பெசன்ட் நகரில், எடுத்த முட்டைகளைப் புதைத்துக் குஞ்சு பொரிய வைக்கும் பொரிப்பகத்தில் முடியும். அறிமுகப் பேச்சில் தூங்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் அனுமதியும் விதிகளும் மாறலாம் என்பதால் தேதியை அவர்களிடமே கேட்டு உறுதிப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

எடுத்துப் போக வேண்டியது: ஒரு லிட்டர் தண்ணீர், கரும் நிற உடை, தோளில் மாட்டும் சின்னப் பை. அவ்வளவுதான். செருப்பைப் பையில் போட்டுவிட்டு அலை நனைத்த இறுகிய மணலில் நடங்கள். மேலே காய்ந்த மணலில் கால் புதையும், மூன்றாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மீனவர் குப்பங்கள் வரும் இடங்களில் மட்டும் கவனம்: படகுக் கயிறும் நங்கூரமும் இருட்டில் தெரியாது. நாய்களும் உண்டு; கூட்டத்தை விட்டுப் பிரியாவிட்டால் ஒன்றும் செய்யாது. நாய்கள்தான் கூடுகளுக்கும் பெரிய தொல்லை, மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும்.

இப்போது ஆமைக்கு வருகிறேன். பங்குனி வாக்கில் கரைக்கு வருவதால் பங்குனி ஆமை. ஆங்கிலப் பெயர் ஆலிவ் ரிட்லி. ஓடு ஆலிவ் பச்சை கலந்த சாம்பல் நிறம், மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இதய வடிவம், நீளம் 60 முதல் 70 சென்டிமீட்டர். துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு ஏறுவதால் தடம் டிராக்டர் டயர் போன மாதிரி இருக்கும், ஆனால் இடதும் வலதும் நேர்க்கோட்டில் பொருந்தாது. பேராமை என்கிற பச்சைக் கடலாமையின் தடத்தில் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்கும்.

ஆமையை நேரில் பார்ப்பது அதிர்ஷ்டம். பல இரவுகளில் தடம்கூடக் கிடைக்காது. ஆனால் கூடு கிடைத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே 7 கிலோமீட்டர் நடக்கலாம். தாய் முட்டையிட்டு மூடியபின் உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டித் தட்டி மணலை இறுக்கிவிட்டுப் போகும். கலைந்த பரப்பு பெரியது, முட்டை இருக்கும் இடம் சின்னது. மாணவர்கள் மெல்லிய குச்சியை அங்குலம் அங்குலமாகச் செருகிப் பார்ப்பார்கள். மற்ற இடத்தில் குச்சி முட்டும். குழிக்கு மேலே மட்டும் சட்டென்று இறங்கும். உடனே நிறுத்த வேண்டும், இன்னும் அழுத்தினால் முட்டை உடையும். பிறகு ஒருவர் மணலில் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பார். பிங்பாங் பந்து அளவு, தோல்போல் நெகிழும் ஓடு, பெரும்பாலும் நூறு, நூற்று இருபது.

எடுத்ததும் குழியின் ஆழத்தை அளப்பார்கள். ஏறக்குறைய ஒன்றரை அடி. கழுத்து குறுகி அடி அகன்ற குடுவை வடிவம். பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவத்தில் தோண்டி, கூட்டிலிருந்து எடுத்த ஈர மணலும் சேர்த்துப் புதைக்க வேண்டும். எல்லாம் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். நேரம் தாழ்ந்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிவிடும். அதன்பின் முட்டை புரண்டால் கரு செத்துப்போகும். முட்டைப் பையைத் தூக்கி வருகிறவர் நடக்கும் விதத்தைப் பாருங்கள், பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இருக்கும்.

45 நாளிலிருந்து குஞ்சு வரத் தொடங்கும். மணல் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். எல்லைக்கோடு சுமார் 29, 30 டிகிரி. வெயில் ஏற ஏறப் பொரிப்பகத்துக்கு நிழல் போடுவது இதனால்தான்.

நடக்க முடியாதவர்களும் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களும் மார்ச், ஏப்ரலில் மாலை வேளையில் பெசன்ட் நகரில் குஞ்சு விடுவதைப் பார்க்கலாம். கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டாமல் நில்லுங்கள். நான்கு சென்டிமீட்டர் குஞ்சுக்கு உங்கள் காலடித் தடம் ஒரு பள்ளத்தாக்கு, ஏறி வர முடியாமல் அதிலேயே சுற்றும். தூக்கிக் கடலில் போடச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களுக்கு: அது மணலில் நடந்தே போக வேண்டும். தெருவிளக்கு பக்கம் திரும்பாமலிருக்கத் தன்னார்வலர் ஒருவர் அலையில் நின்று விளக்குக் காட்டுவார். அங்கே இருக்க வேண்டிய ஒரே டார்ச் அதுதான்.

செத்த ஆமைகளையும் பார்க்க நேரும், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிக்கும் அளவுக்குப் போனது. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மணிக்கணக்கில் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி ஏட்டில் இருக்கிறது. வலையில் ஆமை வெளியேறும் கம்பிச் சட்டகம் பொருத்தலாம். அதன் வழியாக மீனும் போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்று பேசாமல் சட்டம் மட்டும் பேசினால் நடக்காது.

செலவு என்று சொன்னேன் அல்லவா. நடைக்குக் கட்டணம் இல்லை, ஆட்டோவுக்குத்தான் அழ வேண்டும். அதிகாலை 4.30-க்கு பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் ரயில் நிலையம் 4 கிலோமீட்டர் என்று வையுங்கள். 2013-இல் அரசு அறிவித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. ஐந்து மணிக்கு முன் என்றால் ஒன்றரை மடங்கு. கூட்டினால் 77 ரூபாய். கேட்பதோ இருநூறு, முந்நூறு, அதுவும் மணல் ஒட்டிய காலைப் பார்த்துவிட்டு. நான்கு பேராகச் சேருங்கள், அல்லது மணலிலேயே உட்கார்ந்து விடியவிடுங்கள். சைக்கிளில் வரும் சுக்குக் காபி ஒன்று. ஆறு மணிக்குக் கடை திறந்ததும் மிளகு மேலே தெரிகிற வெண்பொங்கல், கொதிக்கிற சாம்பார், ஒரு வடை. ராத்திரி முழுக்க நடந்த வயிற்றுக்கு அதைவிட எதுவும் இறங்காது. அப்புறம் பேருந்து வந்துவிடும், ஆட்டோக்காரரே பாதி விலைக்குக் கூப்பிடுவார்.