என் காளான் பவளம் மறுபடி விரிந்துவிட்டது

மூன்று வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த என் காளான் பவளம் (கடல்நீர்த் தொட்டியில் நான் வளர்க்கும், காளான் வடிவ மென்பவளம்) இன்று காலை விரிந்துவிட்டது. முதலில் வழக்கமான தோலுரிப்பு என்றுதான் நினைத்தேன், லெதர் எனப்படும் இந்த மென்பவள வகைகள் அவ்வப்போது மெழுகு மாதிரி ஒரு படலத்தை உரிக்கும், சில நாள் சுருங்கிக் கிடக்கும், தானாகச் சரியாகும். பத்து நாளாகியும் அசைவில்லை, அப்புறம் பார்த்தால் தொப்பி ஓரத்தில் பழுப்பாக அழுகல், நாற்றம் வேறு. தொட்டி நீரின் உப்படர்த்தியைப் பார்த்தால் 1.029, இருக்க வேண்டியது 1.025! ஆவியாகிப் போனதற்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், நான் ஊரில் இல்லாத ஒரு வாரமும் தம்பி உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறான். (திட்டவும் முடியாது, இரண்டு கேனிலும் நான் பெயர் எழுதவில்லை.)

கையுறை போட்டு, புது பிளேடால் அழுகலோடு கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து வெட்டி, பவளத்துக்கென்றே விற்கும் அயோடின் கரைசலில் பாட்டிலில் போட்ட அளவுப்படி முக்கி எடுத்தேன். உப்பை ஒரேயடியாக இறக்காமல் ஐந்து நாளில் 1.025க்குக் கொண்டுவந்தேன். வெட்டுப்பட்டால் இது நச்சு கக்கும், பக்கத்துப் பவளங்களுக்கு ஆகாது, அதனால் வடிகட்டியில் நச்சை உறிஞ்சும் கார்பனையும் மாற்றினேன். ஆனால் பெரிய உதவி நீரோட்டம்தான் என்பேன். பம்பைத் திருப்பி வைத்ததும் ஒட்டியிருந்த படலம் இரண்டே நாளில் கழன்றது.

தொப்பி இப்போது ஒரு பக்கம் கோணல். படம் கமெண்டில்.