வருகைப் புத்தகம்

2 ஜூன் 2024, ஞாயிறு
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

11 பேர். எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். எங்கள் கிறிஸ்தவ சபையின் வருகைப் புத்தகமும் வரவு செலவுக் கணக்கும் 8 வருஷமாக என் கையில். பழைய பக்கங்களைப் புரட்டாதே என்று எனக்கே சொல்லிக்கொள்வேன், கேட்க மாட்டேன். அம்மா காலத்துப் பக்கம் ஒன்றில் 63 என்று இருக்கிறது. அப்போது பால்மரம் (ரப்பர்), லயத்து வீடுகள் நிறைய ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரி ஏற்றிக்கொண்டு வந்து டவுனில் இறக்கும். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. பிள்ளைகள் ஷா ஆலம், ஜொகூர், சிங்கப்பூர். யாரைக் குறை சொல்ல? என் மகனும் அங்கேதான்.

9 ஜூன், ஞாயிறு

9 பேர். போதகர் ஐயா ஈப்போவிலிருந்து வரும் வாரம். பைபிளில் வரும் கிதியோனைப் பற்றிப் பேசினார். சண்டைக்கு 32,000 பேர் கூடினார்கள். பயப்படுகிறவன் திரும்பிப் போகலாம் என்றதும் 22,000 பேர் நடையைக் கட்டினார்கள். மிச்சம் 10,000. அதுவும் அதிகம் என்று தண்ணீர்க் கரையில் சோதித்து 300 பேரை நிறுத்தினார் ஆண்டவர். நல்ல பிரசங்கம். ஆனாலும் எனக்குள் ஒரு முணுமுணுப்பு: அங்கே வடிகட்டினது ஆண்டவர், எங்களை வடிகட்டினது சம்பளம்.

முடிந்ததும் அக்கா தேத்தண்ணி ஊற்றினாள். நான் எடுக்காமல் கீழே இறங்கிவிட்டேன். 8 மாசமாக இப்படித்தான். சபைக்குச் சுவர்க் காத்தாடி வாங்கினது அவள், 240 வெள்ளி (ரிங்கிட்). ரசீது தரவில்லை. நான் கணக்கில் சிவப்பு மையால் ‘ரசீது இல்லை’ என்று எழுதி, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தேன். அதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

13 ஜூன், வியாழன்

வரும் ஞாயிறு போதகர் இல்லை, வசனம் பகிர்வது என் முறை. ஆள் குறைவாக இருந்தால் எல்லாரும் எடுக்கிற அதே வசனத்தைத்தான் நானும் எடுத்தேன். ‘இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ...’ மத்தேயு 18:20.

யூதர்களின் பொது ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் பழைய வழக்கம். அந்தக் கணக்கில் எங்கள் சபை கதவே திறக்க முடியாது, ஆண்கள் மூன்றே பேர். பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் ஓய்வுநாளில் ஆற்றங்கரைக்குப் போனபோது கூடியிருந்தவர்கள் பெண்கள்தான். இரத்தாம்பரம் (ஊதாத் துணி) விற்ற லீதியாள் அங்கேதான் மனம் திறந்தாள். இதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு கொஞ்சம் மேலேயிருந்து வாசிப்போமே என்று 15ஆம் வசனத்துக்குப் போனேன். போயிருக்க வேண்டாம். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் உணர்த்து, என்று இருக்கிறது. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். இத்தனை வருஷம் நாற்காலி காலியாக இருப்பதற்கு ஆறுதல் என்று நினைத்த வசனம், மனஸ்தாபப்பட்ட இரண்டு பேரை உட்கார வைத்துப் பேசுகிற இடத்தில் வருகிறது. அடுத்த வசனத்திலேயே சீஷர் பேதுரு இயேசுவிடம் வந்து எத்தனை தரம் மன்னிக்க, ஏழுதரமா என்று கேட்கிறார். அவர் கையிலும் ஒரு புத்தகம் இருந்திருக்கும் போல.

தூக்கம் வரவில்லை.

16 ஜூன், ஞாயிறு

நாளைக்கு ஹரி ராயா ஹாஜி (பக்ரீத்), நீண்ட விடுமுறை. பாதிப் பேர் ஊரில் இல்லை. 4 பேர். கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) ஐயா, அவர் கொள்ளுப்பேத்தி, அக்கா, நான். 40 நாற்காலிக்கு 4 பேர் என்றால் மேடையிலிருந்து பேசவே கூச்சமாக இருக்கும். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னேன். எதிரே அக்கா.

கிராணி ஐயா ஆரம்பித்தார். “இன்னைக்குத் தேதி தெரியுமா? 1948ல இதே 16 ஜூன்தான் இங்க தோட்டத் துரைங்க மூணு பேரைச் சுட்டாங்க.” அதையொட்டி, கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்தது. இரவில் கர்ப்யூ, யாரும் நடமாட முடியாது. லயத்தில் அவர் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் விளக்கைத் தணித்து ஜெபம் பண்ணுவார்களாம். “ரொம்ப மெதுவாப் பாடுவாங்க. எனக்கு ராகம் மட்டும்தான் தெரியும், வார்த்தை தெரியாது.” வாயை மூடிக்கொண்டே அந்த ராகத்தை இழுத்தார். எந்தப் பாட்டு என்று எங்கள் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

என் முறை. குறிப்புத் தாளை மடித்து வைத்துவிட்டு, “அக்கா, 15லேர்ந்து வாசிங்க” என்றேன். வாசித்தாள். ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்ற இடத்தில் நிறுத்தினாள். காத்தாடி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 11 பேர் என்றால் நான் யார் பின்னாலாவது ஒளிந்திருப்பேன்.

“அக்கா, அந்த 240 வெள்ளி. உங்களைக் கேட்காம நான் வாசிச்சிருக்கக் கூடாது.”

அவள் பைபிளின் பின்னட்டையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். “மறுநாளே கெடச்சிருச்சு. நீ வந்து கேட்பேன்னுதான் வச்சிருந்தேன்.” வாங்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் மங்கிப்போய் வெறும் வெள்ளைத்தாள். திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. சின்னவள்தான் முதலில் சிரித்தாள்.

அந்த 20ஆம் வசனத்தின் முடிவில் இயேசு, அவர்கள் நடுவிலே இருக்கிறேன் என்கிறார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இத்தனை நாள் அந்த 240 வெள்ளியை உட்கார வைத்திருந்தேன். இன்றைக்கு அவர் அங்கே இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேத்தண்ணி இரண்டு கோப்பை குடித்தேன்.

23 ஜூன், ஞாயிறு

போதகர் ஐயா வந்திருந்தார். போன வாரத்துக் கட்டம் காலியாக இருக்கிறதே என்றார். மறந்தே போய்விட்டேன், 8 வருஷத்தில் முதல் தடவை. 4 என்று எழுதினேன். இன்றைக்கு 10. சிவப்பு மையில் எழுதினதை அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

காத்தாடி சத்தம் தாங்க முடியவில்லை. ஒரு வருஷ உத்தரவாதம் இருக்கிறதாம், ஆனால் ரசீது கேட்பார்கள். அந்த வெள்ளைத்தாளையே கொண்டுபோய்க் காட்டலாம், கடைக்காரருக்குத் தன்னை நினைவிருக்கும் என்கிறாள் அக்கா. புதன்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.