பக்கவாத வார்டில் யாரும் கேட்காத கேள்வி

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. மருத்துவர்கள் நன்கறிந்த செய்திதான். ஆனாலும் வார்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பவர்கள், "மனம் எப்படி இருக்கிறது ஐயா?" என்று கேட்பது அபூர்வம். எனக்கு இது ஆறவே இல்லை.

என் சித்தப்பாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்து தலையணை ஓரம் தொடப்படாமலே கிடந்தது. சித்தி இட்லியைப் பிட்டு ஊட்ட வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். "ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்" என்றார்கள் ஊழியர்கள். பார்க்க வந்த சொந்தங்கள் "தைரியமாக இருங்கள்" என்று சொல்லி, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள்.

அதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். மூளையில் விழுந்த அடியும், எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்த வேதனையும் சேர்ந்து உண்டாக்கும் நோய் அது. மருந்து உண்டு, உளவியல் ஆலோசனை உண்டு. கவனிக்காமல் விட்டால் பயிற்சி நின்றுபோகும். உடல் தேறுவதும் தள்ளிப்போகும். பேச்சையே இழந்தவர்கள் பாடு இன்னும் கொடுமை. அவர்களுடைய தூக்கம், பசி, அழுகையைக் கூட இருப்பவர்கள்தாம் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மனநல மருத்துவரை வார்டுக்கே அழைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். வீடு திரும்பிய பிறகு என்றால், அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.