டிரஸ்ட் பணத்துக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்ட வங்கி

பாட்டி இருக்கும்வரை வட்டி அவருக்கு, அதன்பிறகு அசல் பேரப்பிள்ளைகளுக்குச் சமபங்கு. தாத்தா பதிவு செய்து வைத்த டிரஸ்ட் பத்திரத்தில் குழப்பமே இல்லை. ஆனால் பாட்டி போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் பணம் அசையவில்லை. டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டிகளில் தாத்தாவின் நண்பர் முன்பே காலமாகிவிட்டார். மிச்சம் பெரியப்பா மட்டும்.

வங்கியில் முதல் கேள்வியே, "தாத்தாவோட வாரிசுச் சான்றிதழ் எங்க?" டெபாசிட் டிரஸ்ட் பெயரில் இருக்கிறது, தாத்தா பெயரில் இல்லை என்று சொன்னது கவுண்டரில் இருந்தவர் காதில் ஏறவே இல்லை. அடுத்து, இறந்துபோன டிரஸ்டியின் பிள்ளைகள் கையெழுத்து வேண்டுமாம்! அவர்களுக்கும் இந்தப் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? 1882 இந்திய டிரஸ்ட் சட்டம் பிரிவு 76-ஐ அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஒரு டிரஸ்டி இறந்தால் பொறுப்பு மற்ற டிரஸ்டிக்குப் போகும்.

அசல் பத்திரம் "பீரோல எங்கயோ இருக்கு" என்றார் பெரியப்பா. நகல் வாங்கப் போனால், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, பதிவே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு, நிலம் இல்லாத பத்திரம் அந்த அலுவலகத்தின் 4-ஆம் பதிவுப் புத்தகத்தில் ஏறும். வீடு, நிலப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது எப்படி வரும்? அந்தப் புத்தக நகலை எழுதிக் கொடுத்தவருக்கும் அதில் உரிமை உள்ளவருக்கும்தான் தருவார்கள். என் பெயர் இருக்கும் பழைய ஜெராக்ஸ் பக்கமும் ஆதாரும் காட்டிய பிறகே மனுவை வாங்கினார்கள்.

கணக்கு வழக்கை வாயால் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பெரியப்பாவுக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். டிரஸ்ட் சட்டம் பிரிவு 57-படி பத்திரம், கணக்கு, வவுச்சர் எல்லாவற்றையும் பார்க்கவும் நகலெடுக்கவும் பயனாளிக்கு உரிமை உண்டு. "சொந்த பெரியப்பாவுக்கா தபால் போடுவ?" என்று அத்தை பிடிபிடியென்று பிடித்தார். கணக்கு நோட்டு மட்டும் அந்த வாரமே வந்துவிட்டது.

கடைசியில் மேனேஜர்தான் பிரிவு 76-ஐப் பொறுமையாகப் படித்தார். வாரிசுப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனாலும் கணக்கு இரண்டு கையெழுத்தில் ஓடுவதால் இன்னொரு டிரஸ்டி வேண்டும் என்றார். பிரிவு 73-படி பெரியப்பாவே எழுத்துமூலம் ஒருவரை நியமித்தார். யாரை? அதே அத்தையை. அதன்பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது.

ஒன்று மட்டும் கவனம். "என் பங்கு முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதை முன்கூட்டியே நீட்டினார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் நாங்கள் யாரும் அதில் கையெழுத்துப் போட்டோம்.