அம்மாக்க பாஸ்பரஸ் நார்மல், ஆனா எலும்பு ஹார்மோன் ஏறி கெடந்துச்சு

நாங்க களியக்காவிளை பக்கம். அம்மாக்கு 59 வயசு, 14 வருசமா சுகர். போன வருசம் ரத்தத்துல கிட்னி கழிவு கிரியாட்டினின் 1.4, கிட்னி வடிகட்டுற வேகம் ஈஜிஎஃப்ஆர் 43, கிட்னி நோய்ல 3பி ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்க. பாறசாலை தாண்டி திருவனந்தபுரத்துக்கு பஸ்ல கூட்டிட்டு போனேன். அங்க டாக்டர் எக்கோ (இதய ஸ்கேன்) பாத்துட்டு இதயத்தோட இடது அறைச் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்குன்னாரு. கிட்னி நோய்ல ரத்தத்துல பாஸ்பரஸ் ஏறும்னு கேட்டிருந்தேன், அதனால பாஸ்பரஸ் 3.8 நார்மல்தானே சார்னு கேட்டேன்.

அப்பதான் எஃப்ஜிஎஃப்23 பத்தி சொன்னாரு. எலும்புல உள்ள செல்லுங்க சுரக்குற ஹார்மோன், பாஸ்பேட்ட மூத்திரத்துல தள்ளுன்னு கிட்னிக்கு சொல்லும். கிட்னி சோர்ந்து போகப் போக எலும்பு இத இன்னும் இன்னும் சுரக்கும், அதனாலதான் ரத்தத்துல பாஸ்பரஸ் ரொம்ப நாள் நார்மலாவே காட்டும். விட்டமின் டி-யோட வேலை செய்யுற வடிவத்தையும் இது கொறச்சிடும். இது கூடுதலா இருக்குற கிட்னி நோயாளிங்களுக்கு இதயச் சுவர் தடிக்கிறதும் ஹார்ட் ஃபெயிலியரும் கூடுதலா வருது, 2011-ல எலிங்கள்ல செஞ்ச ஆராய்ச்சியில இதுவே இதய தசைய தடிக்க வைக்குதுன்னும் பாத்திருக்காங்களாம். ஆனா ரொட்டீன் டெஸ்ட் இல்ல, இந்த நம்பர மட்டும் வெச்சு நான் மருந்து மாத்த மாட்டேன்னு தெளிவா சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல, அந்த டெஸ்ட்ட எடுத்துரலாம்னு சொல்லிட்டேன்.

முதல்ல ஊர் பக்கத்துல ஒரு லேப்ல கொடுத்தோம். வெறும் வயித்துல காத்திருந்து ரத்தம் கொடுத்தா, ட்யூப அப்படியே மேசையில வெச்சிருந்து சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு நாள் கழிச்சு சொல்றாங்க, அம்மா கை நரம்பு கெடைக்கவே பாடு, எனக்கு அழுகையே வந்துச்சு. அப்புறம் திருவனந்தபுரத்துலயே ரத்தம் உறையாம வெக்கிற ஈடிடிஏ ட்யூப்ல எடுத்து, உடனே மெஷின்ல சுத்தி பிளாஸ்மாவ (ரத்தத்தோட தெளிஞ்ச நீர) பிரிச்சு, உறைய வெச்சு வெளியூருக்கு அனுப்புனாங்க. ஒம்பது நாள் ஆச்சு.

வந்தது நார்மல் அளவுக்கு ரெண்டு மடங்கு. ராத்திரி தூக்கமே இல்ல. டாக்டர் ரிப்போர்ட்ட பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, இது முழு ஹார்மோன மட்டும் எண்ணுற இன்டாக்ட் வகை டெஸ்ட்டா, சி-டெர்மினல் வகையான்னு. எங்களது சி-டெர்மினல், அது உடைஞ்ச துண்டுகளையும் சேத்து எண்ணும், இரும்புச்சத்து கொறஞ்சாலும் ஏறும்னாரு. ஒடம்புல இரும்பு இருப்ப காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் பாத்தா உண்மையிலேயே கொறவு. இரும்பு மாத்திரை மூணு மாசம் சாப்ட்டு திரும்ப எடுத்தப்ப எறங்குச்சு, ஆனா நார்மலுக்கு வரல. டெஸ்ட் எடுக்குறவங்க எந்த வகைன்னு கண்டிப்பா கேளுங்க, ஃபெரிட்டினும் சேத்து பாருங்க.

சாப்பாட்டுல பாஸ்பரஸ கொறைக்கணும்னதும், பருப்பு பயறு எல்லாத்தையும் நிறுத்தணுமோன்னு அம்மா பயந்தாங்க. அதுல உள்ள பாஸ்பரஸ் ஒடம்புல கொறச்சுதான் சேருமாம், பாக்கெட் சாமான்ல போடுற பாஸ்பேட்தான் கிட்டத்தட்ட முழுசா சேர்ந்துரும். அதனால லேபிள்ல 338-லருந்து 341 வரைக்கும், 450, 451, 452 இந்த பாஸ்பேட் நம்பர் இருந்தா கடையிலேயே வெச்சுட்டு வந்துருவோம், கோலாவும் கெடையாது. முள்ளோட திங்குற நெத்திலிக் கருவாட்ட விடத்தான் அம்மாக்கு ரொம்ப சங்கடம், மரச்சீனிக் கெழங்குக்கு அது இல்லாம எப்படி மக்களேன்னு இப்பவும் கேப்பாங்க.

ஜூன்ல மறுபடி எக்கோ இருக்கு. அந்த சுவர் இதுக்கு மேல தடிக்காம இருந்தா போதும்னு வேண்டிட்டு இருக்கேன்.