நைட் இன்சார்ஜ் குறிப்புகள்: “கொஞ்சம்”

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முதல் நைட். மோசமான பேஷண்ட்டுக்கு டியூட்டி டாக்டர் வராவிட்டால் நேராகப் பெரிய டாக்டரை, கன்சல்டன்ட்டை, கூப்பிட அனுமதி கேட்டு எழுதிய கடிதம் மேலே போயிருக்கிறது. பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

“சார், ஏழாம் பெட் கொஞ்சம் டல்லா இருக்காங்க.”

ராத்திரி 2:10க்கு டியூட்டி டாக்டருக்கு இப்படித்தான் போன் போகிறது. பாதித் தூக்கத்தில் எடுப்பவர் காதில் நிற்கும் சொல் “கொஞ்சம்”தான். காலையில் பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் சொன்னதை அவர் நம்பியிருக்கிறார்.

அதே பேஷண்ட்டின் கணக்கு இது. மூச்சு 24. ஆக்சிஜன் வைக்காமல் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 94. மேல் பி.பி. 98. பல்ஸ் 112. டெம்பரேச்சர் 100.8, செல்சியஸில் 38.2. நினைவு தெளிவாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எல்லாமே கொஞ்சம்தான். ஒவ்வொரு அளவும் எவ்வளவு தப்பியிருக்கிறது என்று மார்க் போடும் நியூஸ்-2 அட்டையில் கூட்டிப் பார்த்தால் 2, 1, 2, 2, 1, மொத்தம் 8. அந்த அட்டையில் 5 வந்தாலே டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் எமர்ஜென்சி. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012ல் கொண்டுவந்து 2017ல் திருத்திய அட்டை. நம் வார்டு தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட், அட்டை செல்சியஸ். அந்த ஒரு இடத்தில்தான் புதுப் பிள்ளைகள் திணறுகிறார்கள். 100.4க்கு மேல் போனால் ஒரு மார்க், 102.2க்கு மேல் போனால் இரண்டு என்று அட்டையின் ஓரத்திலேயே பேனாவால் எழுதி ஒட்டியாகிவிட்டது.

போனைத் தொடும் முன் நாலு வரி எழுத வேண்டும். இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன, என்னவாக இருக்கும் என்று நினைக்கிறேன், டாக்டர் என்ன செய்ய வேண்டும். எழுதி வைத்துக்கொண்டு பேசினால் இப்படி வரும்:

“வணக்கம் சார், மெடிக்கல் வார்டு நைட் சிஸ்டர். ஏழாம் பெட், 62 வயசு அம்மா, ஸ்கோர் 8. யூரின் இன்ஃபெக்‌ஷன்னு நேத்து அட்மிஷன், சுகர் இருக்கு. சாயங்காலம் ஸ்கோர் 3தான். செப்சிஸ் ஆயிருக்கும்னு நினைக்கறேன். நீங்க இப்ப வந்து பார்க்கணும் சார். வர்றதுக்குள்ள கல்ச்சருக்கும் லாக்டேட்டுக்கும் ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?”

செப்சிஸ் என்றால் தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை, கல்ச்சரும் லாக்டேட்டும் அதற்கான ரத்தப் பரிசோதனைகள். இதைப் பேச அரை நிமிடம்கூட ஆகாது. இதில் எங்கே மரியாதை குறைந்திருக்கிறது? வணக்கம் இருக்கிறது, சார் இருக்கிறது, “நீங்க” இருக்கிறது. மரியாதையெல்லாம் அந்தச் சொற்களிலேயே வந்துவிடுகிறது. எண்ணிலும் வினையிலும் குழைய வேண்டியதே இல்லை. “வர முடியுமா சார்?” என்று கேட்டால் முடியாது என்று சொல்ல இடம் கொடுக்கிறோம். “வந்தா நல்லா இருக்கும்” அதைவிட மோசம். “வரணும் சார்.” அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

ஒன்றிலிருந்து பதினாலு வரை எல்லா பெட்டிலும் மூச்சு 20 என்று எழுதியிருக்கிறது. யாரும் எண்ணவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பல்ஸுக்கு மெஷின் இருக்கிறது, பி.பி.க்கு மெஷின் இருக்கிறது, மூச்சுக்கு நம் கண்தான். அதனால்தான் அது கைக்கு வந்தபடி எழுதப்படுகிறது. மோசமாகப் போகும் பேஷண்ட்டிடம் பல நேரம் முதலில் ஏறுவதும் மூச்சுதான்.

எண்ணும் முறை: மணிக்கட்டைப் பிடித்து பல்ஸ் பார்ப்பதுபோல் கையை வைத்தபடியே, கண் நெஞ்சில் அல்லது போர்வையின் மடிப்பில். “மூச்சு எண்ணப் போறேன்” என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். முழுசாக 60 விநாடி. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நாலு போய்விடும். 24, 20 ஆகிவிடும். இரண்டு மார்க் சுழியம் ஆகிவிடும்.

போனில் தைரியமாகப் பேசுவது எப்படி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாதித் தைரியம் இந்த 60 விநாடியில் இருக்கிறது. தானே எண்ணிய எண்ணைச் சொல்லும்போது குரல் தானாக நிற்கிறது. எண்ணாமல் எழுதியதைச் சொல்லும்போதுதான் “ஒரு... இருபது இருக்கும் சார்” என்று இழுக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

பதில் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இந்த நாலு வரி முறை ஆஸ்பத்திரியில் பிறந்ததில்லை. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்தது. அங்கிருந்து கைசர் பர்மனென்டே ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. சிச்சுவேஷன், பேக்கிரவுண்ட், அசெஸ்மென்ட், ரெகமெண்டேஷன் என்ற நாலு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து எஸ்-பார் என்பார்கள்.

“கொஞ்சம்” நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியாங்கா 52 விமானம். வானிலை சரியில்லாமல் மூன்று இடங்களில் காத்திருக்க வைத்தார்கள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது விமானிகளுக்குத் தெரியும். ரேடியோவில் பேசிய துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்றார், எரிபொருள் தீர்கிறது என்றார். “எமர்ஜென்சி” என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. தரையிலிருந்து வழிகாட்டும் கன்ட்ரோலருக்கு அந்தச் சொல்தான் மணி அடிக்கும் சொல். அது வராததால் வரிசையில் ஒன்றாகவே நடத்தினார். லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

துணை விமானியின் நிலையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாசமான நம் பொண்ணை வைத்துப் பார்க்கிறேன். தெரியாமல் இல்லை. சொல்லாமலும் இல்லை. எந்தச் சொல் கேட்டால் எதிரில் இருப்பவர் எழுந்து ஓடுவாரோ, அதைச் சொல்லவில்லை. நம் வார்டில் அந்தச் சொல் “ஸ்கோர் 7”. அதை வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டும். கடைசியில் வைத்தால் அதற்குள் “சரிம்மா, பார்க்கறேன்” வந்துவிடும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

“சரி.”

இதற்கு நாலு அர்த்தம். கேட்டுவிட்டேன். புரிந்தது. செய்கிறேன். போதும், போனை வை. எது என்று யாருக்கும் தெரியாது. போன் ஆர்டருக்கு “சரி சார்” பதிலாகாது. கேட்டதை எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்து, அவர் “ஆமா” சொன்ன பிறகுதான் முடிந்தது.

அம்பது, ஒம்பது. போனில் இரண்டும் ஒன்றுதான். எழுபதும் எண்பதும் அப்படியே. பதினாறு, அறுபது அவசரத்தில் குழம்பும். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. அதனால் எண்ணைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்தும் சொல்ல வேண்டும்: “அம்பது, ஃபைவ் ஜீரோ.” மருந்தின் பேர், அளவு, எந்த வழி, எவ்வளவு நேரத்தில். நாலும் திரும்ப வர வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடுக்கு இது உயிர் விஷயம். 10 மி.லி. ஆம்பூல், 15 சதவீதம், உள்ளே 20 மில்லி ஈக்விவலன்ட். டிரிப்பில் கலந்து மெதுவாகப் போக வேண்டியது. அப்படியே ஊசியில் நேராகப் போனால் இதயம் நின்றுவிடும். “பொட்டாசியம் ஒண்ணு போட்டுடு” என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரியவர் சொன்னாலும், “எத்தனை மி.லி. சலைன்ல சார், எத்தனை மணி நேரத்துல?” என்று கேட்காமல் போனை வைக்கக் கூடாது. தெரியாததால் கேட்பதாக நினைத்துக்கொள்வார்களே என்று தயங்கும் பிள்ளைக்கு: அப்படி நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று முழுக்க ஒரே யோசனை. திருத்துவது எப்படி?

3 மணி ஆன்டிபயாட்டிக் 4:20க்குப் போயிருக்கிறது. சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டு, நல்லவர் என்று பேர் வாங்குவது அந்தப் பேஷண்ட்டுக்குச் செய்யும் துரோகம். ஆனால் பெட் பக்கத்தில் வேண்டாம், பேஷண்ட் வீட்டு ஆட்கள் முன்னால் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம். அதே ஷிஃப்ட்டுக்குள், மருந்து ரூமில், கதவைச் சாத்தி, இருவரும் நின்றபடியோ இருவரும் உட்கார்ந்தபடியோ. ஒருவர் உட்கார்ந்து ஒருவர் நின்றால் அது விசாரணை ஆகிவிடும்.

பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். “மூணு மணி டோஸ் நாலு இருபதுக்குப் போயிருக்கும்மா.” “நீ எப்பவுமே லேட்” என்பதில் “எப்பவுமே” பொய், அந்தப் பொய்யைத்தான் அவள் பிடித்துக்கொள்வாள். பிறகு, “என்ன ஆச்சு?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று விநாடி, நாலு விநாடி. அந்த இடைவெளியைப் பொறுக்க முடியாமல் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம், அங்கேதான் எல்லாம் கெடுகிறது. பொறுத்திருந்தால் வெளியே வருவது பெரும்பாலும் வேலையின் கோளாறு. மருந்து ஏற்ற ஒரு பம்ப், இரண்டு பேஷண்ட். கேட்டு இன்டென்ட் போட்ட மருந்து ஃபார்மசியிலிருந்து வரவில்லை. அதைச் சொல்ல அவளுக்குப் பயம். பம்ப் இல்லை என்பது இன்சார்ஜுக்குத் தெரியாமலேயே ஒரு மாசம் ஓடியிருக்கும்.

கடைசியில் அடுத்த தடவை என்ன செய்வது என்று அவள் வாயாலேயே வர வேண்டும். “மருந்து வரலைன்னா 2:30க்கே உங்ககிட்ட சொல்றேன் அக்கா.” முடிந்தது. அதன் பிறகு அந்த இரவில் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே கூடாது.

இன்சார்ஜ் தப்பு செய்தால்? யார் முன்னால் தப்பாகச் சொன்னோமோ அவர்கள் முன்னாலேயே திருத்த வேண்டும். நாலு பேர் முன்னால் அதட்டிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அந்த நாலு பேருக்கும் அதட்டல் மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு. நேற்று இரவு “கொஞ்சம்” எட்டு தடவை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பழைய இன்சார்ஜ் மாதிரி குரல் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் கத்தினால் வார்டே நிமிரும். அது முப்பது வருஷத்தில் அவருக்கு வந்த குரல். இன்னொருவர் அதைப் போட்டுக்கொண்டால் இரவல் புடவை மாதிரி, கவனமெல்லாம் கொசுவத்தில்தான் இருக்கும்.

மெல்லிய குரலும் போதும். பேசும் முன் மூச்சை வெளியே விட வேண்டும், உள்ளே இழுத்துப் பிடித்தால் குரல் கீச்சென்று ஏறும். நடந்துகொண்டே சொல்லக் கூடாது, நின்று சொல்ல வேண்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இறக்கி முடிக்க வேண்டும், “பண்ணிடுங்க?” என்று மேலே தூக்கினால் அது கெஞ்சல். பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு வேலையைச் சொல்ல வேண்டும். “யாராவது ஆக்சிஜன் எடுத்துட்டு வாங்க” என்றால் மூன்று பேர் ஓடுவார்கள், அல்லது யாரும் ஓட மாட்டார்கள்.

முந்தைய ஷிஃப்ட்டிடமிருந்து ஓவர் எடுத்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் போர்டு பக்கத்தில். அவரவர் பேர், எந்த பெட், என்ன வேலை என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அட்டெண்டர் அம்மா உட்பட. உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட ஆபரேஷன் சோதனைப் பட்டியலின் 19 வரிகளில் இதுவும் ஒன்று, கத்தி வைக்கும் முன் குழுவில் எல்லோரும் பேரும் பொறுப்பும் சொல்ல வேண்டும். ஒரு தடவை வாய் திறந்தவருக்கு இரண்டாம் தடவை திறப்பது சுலபம். டெல்லி உட்பட எட்டு நகர ஆஸ்பத்திரிகளில் அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது, 2009ல் வெளிவந்த ஆய்வு.

“எல்லாம் புரிஞ்சுதா?” என்று கேட்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டுவார்கள். “இன்னைக்கு ராத்திரி எந்த பெட் மோசமாகும்னு நினைக்கறீங்க?” இதைக் கேட்க வேண்டும், வயசில் சின்னவரிடமிருந்து தொடங்கி. பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் மீதிப் பேர் அதையே சொல்வார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

பென்சிலின் அலர்ஜி என்று கேஸ் ஷீட் முன்பக்கத்தில் சிவப்பில் இருக்கிறது. ஆர்டர் ஆக்மென்டின். இந்த மாதிரி நேரத்துக்கு மூன்று படி.

“சார், இவங்களுக்குப் பென்சிலின் அலர்ஜின்னு எழுதியிருக்கு. ஆக்மென்டின் போடறது எனக்குக் கவலையா இருக்கு.” காதில் விழாததுபோல் இருந்தால் இரண்டாம் தடவை, அதே விஷயம், குரல் ஏறாமல்: “சார், அது பென்சிலின் வகை மருந்து. இது எனக்குச் சரியாப் படல.” அப்போதும் போடு என்றால்: “பேஷண்ட்டுக்கு ஆபத்து சார். நான் போடல. மேல கேட்டுட்டு வரேன்.”

முதல் இரண்டு படிக்கும் பழகிவிடலாம். மூன்றாவதில் “மேல” என்பது யார்? அந்தக் கதவு திறந்திருக்கிறதா? கடிதத்தில் கேட்டது அது ஒன்றைத்தான். ஸ்கோர் 7 வந்து 15 நிமிடத்தில் யாரும் வராவிட்டால், எந்த ஸ்டாஃபும் நேராகக் கன்சல்டன்ட்டைக் கூப்பிடலாம், அதற்காக யாரும் திட்டக் கூடாது. கதவைப் பூட்டிவைத்துவிட்டு பிள்ளைகளைத் தைரியமாகப் பேசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பதில் வந்தது. “தேவையில்லாத அழைப்புகள் கூடுமே?”

கோபத்தில் எழுதிய பதிலைக் கிழித்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

ஒரு நோட்டு. நாலு கட்டம்: நேரம், ஸ்கோர், யாரைக் கூப்பிட்டோம், எத்தனை மணிக்கு வந்தார்கள். ஐந்தாவதாக, கூப்பிட்டது தேவையில்லை என்று பிறகு தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். நமக்குச் சாதகமான வரிகளை மட்டும் எழுதினால் அந்த நோட்டை யாரும் நம்பப் போவதில்லை, நம்பவும் கூடாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஏழாம் பெட் மகள் கேட்கிறார், “ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்?” “ஒண்ணும் ஆகாதும்மா” என்று சொல்லிப் பழகிய வாய் இது. சொல்ல வேண்டியது: “பி.பி. இன்னும் ஏறல. மருந்து போயிட்டிருக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கறேன், பார்த்ததும் உங்ககிட்ட வந்து சொல்றேன்.” சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். மாற்றம் இல்லை என்றாலும் போய் மாற்றம் இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நோட்டில் ஆறு வரி. ஒன்று தேவையில்லாதது.

ஆகஸ்ட் 28, வியாழன்

2:40. ஏழாம் பெட்டில் இப்போது வேறொருவர். மூன்றாம் மாசப் பொண்ணு 60 விநாடி எண்ணிவிட்டு வந்து அட்டையைக் கூட்டுகிறாள். 7. போன் பக்கத்தில் நின்று எழுதுகிறாள். மூன்று வரி முடிந்துவிட்டது, நாலாவது இன்னும் காலி.