இடது காதில் 14 மில்லிமீட்டர்

யாங்கோன் அனோரத்தா சாலைப் பக்கம் எங்கள் மளிகைக் கடை. வலது கை கணக்கு எழுத வேண்டும் என்பதால் போனை எப்போதும் இடது காதில்தான் வைத்துக்கொள்வேன். ஒருநாள் பருப்பு மண்டிக்காரர் பேசியது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. வலது காதுக்கு மாற்றினேன், கணீரென்று கேட்டது. அப்புறம் இடது காதில் ஓயாத இரைச்சல். படி இறங்கும்போது லேசான தள்ளாட்டம்.

முதலில் பார்த்தவர் குறும்பி என்று சொட்டு மருந்து கொடுத்தார். மூன்று மாதம் அதில் போனது.

பிறகு ஒரு காது மூக்கு தொண்டை சயாமாவிடம் போனேன். பெண் டாக்டரை இங்கே பர்மிய மொழியில் அப்படித்தான் அழைப்போம். தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவையான இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். ஒலி வலது பக்கம் மட்டும் ஓடியது. இடது காதின் நரம்பில் கோளாறு என்பதற்கு அது அடையாளமாம். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். கேட்கும் நரம்பும் சமநிலை நரம்பும் சேர்ந்து போகும் இடத்தில் 14 மில்லிமீட்டர் கட்டி. வெஸ்டிபுலர் ஷ்வன்னோமா என்று எழுதியிருந்தது.

"கின்சாவா, சயாமா?" என்றேன். கின்சா என்றால் பர்மியத்தில் புற்றுநோய். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இல்லை என்றார். நரம்பின் உறை செல்களிலிருந்து வளரும் சாதாரணக் கட்டி, பெரும்பாலும் மெதுவாக வளரும், சில வளராமலே நிற்கும். சரி, பின்னால் புற்றுநோயாக மாறுமா? இதைக் கேட்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று இருந்தேன். மிக மிக அரிது என்றார். சில மாதத்திலேயே மளமளவென்று பெருத்தால், முகம் ஒரு பக்கம் கோணினால் சந்தேகப்படுவார்களாம். அப்போதும் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. காமா கத்தி என்ற, வெட்டாமல் கட்டியின் மேல் கதிரைக் குவிக்கும் கதிர்வீச்சு கொடுத்தவர்களிலும் அப்படி மாறுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பரம்பரையாக இரண்டு காதிலும் கட்டி வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். கதிர்வீச்சுக்குப் பின் கட்டி கொஞ்ச காலம் வீங்கி அடங்குவதும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

எனக்கு இப்போதைக்கு வெட்டும் வேண்டாம், கதிரும் வேண்டாம், ஆறு மாதம் காத்திருந்து மறுபடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அந்த ஆறு மாதமும் தினமும் கண்ணாடி முன் நின்று கன்னத்தை உப்பிப் பார்ப்பேன், புருவத்தைத் தூக்கிப் பார்ப்பேன். முகம் கோணவில்லை என்று தெரிந்த பிறகுதான் கடை திறப்பேன்.

இரண்டாவது எம்ஆர்ஐ எடுத்ததும் சயாமா இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அளந்தார். அதே 14. அடுத்தது ஒரு வருடம் கழித்து. ஒற்றைக் காதில் ஹாரன் எந்தப் பக்கம் என்று பிடிபடுவதில்லை. அதனால் சாலையைக் கடக்கும்போது என் மனைவி இடது பக்கம் வருகிறாள்.